எட்டுக் கட்டத்தில் ஆறரை

கல்முனையில் பொத்துவில் பஸ் ஏறிக் காரைதீவு தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து ராத்தா, என் அக்கா, போன் எடுத்தாள்.

"வாப்பா சுவருல ஆணி அடிச்சிட்டார்டா."

"என்னத்துக்கு?"

"உன்ட சேட்டிபிக்கட்டுக்கு. நீளம் அகலம் என்னெண்டு கேக்கச் சொல்றார்."

நான் இன்னும் போய்ச் சேரவே இல்லை என்றேன். பின்னால் வாப்பாவின் குரல் கேட்டது. "ஏ ஃபோர் தானே? ஏ ஃபோர் எண்டா அளவு சரி, கேளு."

வாப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. அவர் நெல் தரகர். வயலில் குவித்திருக்கும் நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடிப்பார், ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். எழுத்து வாசிக்க வராது. ஆனால் ஏ ஃபோர் தாளின் அளவு தெரியும், லமினேட் கடைக்காரரின் குடும்ப விபரம் முழுக்கத் தெரியும். எங்கள் வீட்டு முன்சுவரில் என் சாதாரண தரம், உயர்தரம், பட்டம், முதலுதவிப் பயிற்சி, கணினிப் பயிற்சி எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. ஒருமுறை இரத்தம் கொடுத்ததற்குக் கிடைத்த தாளையும் அவர் விடவில்லை. உயர்தரப் பெறுபேறு வந்தபோது சந்தியில் என் படத்தோடு ஒரு பெனர் கட்டினார். தேர்தலில் நின்றவரின் பெனரைவிட அது ஒரு முழம் நீளம்.

இந்த முறை நான் போனது ஓர்கன் படிக்க. ஓகஸ்ட் விடுமுறையில், அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் குவிகிற பொத்துவில் கடற்கரையில், ஒரு விடுதியில் ஒரு கிழமை ஜாஸ் இசை முகாம் என்று போனில் ஓர் அறிவித்தல் வந்தது. என்னிடம் இருந்தது கட்டாரிலிருந்து திரும்பிய மச்சான் விட்டுப்போன ஒரு கீபோர்ட். பக்கத்து வீடு குர்ஆன் மத்ரசா நடத்தும் மௌலவியுடையது என்பதால், நாலு வருடமாக நான் காதில் ஹெட்போன் மாட்டித்தான் வாசித்தேன். வீட்டாருக்கு நான் ஒரு பலகையைச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். என் வாசிப்பை வீட்டில் ஒருவரும் கேட்டதே கிடையாது.

புறப்படும்போது உம்மா ஒரேயொரு நிபந்தனை வைத்தா.

"எங்க போனாலும் தொழுகைய உட்டுராத மனே."

ஓம் என்றேன். அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு தூரம் ஓடுவேன் என்று அப்போது உம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஓர்கன் கொழும்பிலிருந்து லொறியில் வந்திருந்தது. அலுமாரியைப் படுக்கப் போட்ட மாதிரி மரப்பெட்டி, மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள், காலடியில் மிதிப்பதற்கு இன்னொரு வரிசை நீளக் கட்டைகள். பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி தனியாக நின்றது. அதற்குள் குழல் ஒன்று சுற்றச் சுற்றத்தான் அந்த நடுங்குகிற சத்தம் வரும். கிடுகுக் கூரை போட்ட மண்டபத்துக்குள் அதைத் தூக்கி வைக்க எட்டுப் பேர் வேண்டியிருந்ததாம். அதில் நாலு பேர் தோணி இழுக்க வந்தவர்கள்.

படிப்பிக்க இரண்டு பேர். ஒருவர் ஓர்கன்காரர், மட்டக்களப்புப் பறங்கியர், அறுபதைத் தாண்டியவர். மாதா கோயிலில் பூசைக்கு வாசித்துத் தொடங்கி, கொழும்பு ஹோட்டல், கப்பல், துபாய் என்று முப்பது வருடம் வாசித்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரல் வெளியே தெரிகிற ஒரு சோடி காலுறையோடுதான் ஓர்கனில் உட்காருவார். மற்றவர் நீர்கொழும்பிலிருந்து வந்த டிரம்ஸ்காரர், சிங்களவர். ஆண்பிள்ளை எல்லாரும் அவருக்கு 'மல்லி'தான், அதாவது தம்பி, தன்னைவிட மூத்தவரானாலும். இரண்டு பேரும் இருபது வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். அந்த இருபது வருடத்தில் ஒரு நாளாவது ஒத்துப்போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓர்கனுக்கு மாணவர் நானும் தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு சங்கீத டீச்சரும். டீச்சர் கோவில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அதனால் ஓர்கனில் உட்கார்ந்ததும் அவருடைய இடது கை தானாகப் பின்பக்கம் போய்த் துருத்தியைத் தேடும். இல்லாத துருத்தியைக் கிழமை முழுக்கத் தேடினார்.

முதல் நாள், "தெரிஞ்சதில ஒண்ட வாசி மகன்" என்றார் ஓர்கன்காரர்.

போன் வீடியோ ஒன்றைப் பார்த்து மூன்று மாதமாகப் பழகிய துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. வாசித்தேன். டிரம்ஸ்காரர் விசிலடித்தார். ஓர்கன்காரர் புருவத்தை உயர்த்தி, "இன்னொருக்கா" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா." வாசித்தேன். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நடுவுல ஒரு எடத்துல விரல் வழுக்கினதே. மூணு தரமும் அதே எடத்துல வழுக்கினது. அது எப்பிடி?"

"வீடியோவுல அவருக்கும் அதுல வழுக்கினது, சேர்."

டிரம்ஸ்காரர் முக்காலியிலிருந்து இறங்கி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஓர்கன்காரர் சிரிக்கவில்லை.

"சரி, இப்ப மாத்தி வாசி."

"எப்பிடி, சேர்?"

"உன்ட இஷ்டத்துக்கு."

"மாத்தினாப் பிழைதானே, சேர்?"

நான் பகிடிக்குக் கேட்கவில்லை. ஆறு வயதிலிருந்து மத்ரசாவில் ஓதியவன் நான். அங்கே ஓர் எழுத்தை ஒரு மாத்திரை கூட இழுத்தாலும் ஓதித்தரும் ஹஸ்ரத்தின் பிரம்பு வந்து விரலில் விழும். பள்ளிக்கூடத்திலும் கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை, அதை அட்சரம் பிசகாமல் பாடமாக்கல். என் சுவர் நிறையத் தொங்குவதெல்லாம் இப்படி எதையும் மாற்றாமல் ஒப்புவித்ததற்குக் கிடைத்தவைதான். அறிவித்தலைப் படித்துவிட்டு ஜாஸ் என்பதும் ஒரு பாடத்திட்டம் என்றே நினைத்து, நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் மூன்று நிறப் பேனையும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

ஓர்கன்காரர் விளக்கினார். பாட்டின் மெட்டை எல்லாரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் முறை வரும்போது, அந்த மெட்டின் மேலேயே, அந்த நேரத்தில் தனக்கு என்ன வருகிறதோ அதை வாசிக்க வேண்டும். நாலு தட்டு ஒரு கட்டம். புதியவனுக்கு எட்டுக் கட்டம் போதும்.

"சனிக்கிழம பின்னேரம் எல்லாரும் வந்து கேப்பாங்க. எட்டுக் கட்டம் உன்ட சொந்தத்துல வாசி. வாசிச்சாச் சேட்டிபிக்கட். இல்லாட்டி இல்ல."

"வந்ததுக்குத் தரமாட்டீங்களா, சேர்?"

"வந்ததுக்கு பஸ் டிக்கட் இருக்குமே, அத வெச்சிக்க."

எனக்குச் சுவரும் அதில் அடித்த ஆணியும் கண்முன்னால் வந்தன. வாப்பாவுக்குப் போன் போட்டு, இந்த முறை தாள் கிடைப்பது அவ்வளவு நிச்சயமில்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. சனிக்கிழமைக்கு வேன் பேசியாகிவிட்டதாம். மாமா வீட்டார், சாச்சி வீட்டார், பிள்ளைகள் எல்லாருமாகப் பதினாலு பேர் வருகிறார்களாம். சமையலுக்கு ஆளும் சொல்லியாயிற்று.

அடுத்த நாளிலிருந்து முறைவைத்து வாசித்தல் தொடங்கியது. கிற்றார் வாசிக்கும் பையன், பிறகு டீச்சர், பிறகு நான். இடது காலும் இடது கையும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. கால் மிதிக்கட்டையில் நடக்க வேண்டும், நடையை நிறுத்தக் கூடாது. அதற்கு ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு உள்ள எதையும் நான் படித்துவிடுவேன். வலது கைதான் வெறுமையாகக் கட்டைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். டீச்சர் வாசித்து முடிக்க இன்னும் நாலு கட்டம் இருக்கிறது என்னும்போது எனக்கு வியர்க்கும். திங்கட்கிழமை அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளிவாசலில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எழும்பிவிட்டேன்.

"தொழப் போகணும், சேர்."

"ஓ, போ மகன், போ."

அந்த நிம்மதியை என்னால் சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரமாகியிருந்தது. பின்னேரம் என் முறை வந்தபோது அஸர் தொழுகை வந்து காப்பாற்றியது. சிக்கல் அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. பத்து மணிக்குக் கடமையான தொழுகை எதுவும் கிடையாது. என் முறை வருகிறது, வலது கை தொங்குகிறது, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தொழப் போகணும், சேர்."

சொல்லிவிட்டேனே. தொழுகையின் பெயரில் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் உண்மையிலேயே பள்ளிவாசலுக்குப் போய் கைகால் முகம் கழுவி வுழுச் செய்து, லுஹாத் தொழுகை தொழுதேன். அது முற்பகலில் விரும்பினவர் தொழுவது. நான் விரும்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பதினொன்றரைக்குத் திரும்பவும் என் முறை. தேவையுள்ளவன் தொழும் ஹாஜத் தொழுகை இருக்கிறது, எனக்குத் தேவை இருந்தது, போனேன். அன்று பின்னேரம், ஒரு காரியத்தைச் செய்வதா விடுவதா என்று தெரியாதவன் தொழும் இஸ்திகாரா. புதன்கிழமை காலை தஸ்பீஹ் தொழுகை. அது மிக நீளம் என்பதை ஒரு வசதியாகவே கருதினேன். அந்த மூன்று நாளில் நான் தொழுத அளவுக்கு ஒரு முழு நோன்பு மாதத்திலும் தொழுததில்லை. உம்மா மட்டும் கண்டிருந்தால் கண் கலங்கியிருப்பா.

டீச்சர் ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. எங்கட தம்பிலுவில் ஐயர் திருவிழாக் காலத்துல கூட இவ்வளவு பூசை வெக்கமாட்டார்."

"பிரயாணத்துல கூடத் தொழுதா நல்லம், டீச்சர்."

"ஓம் ஓம். என்ட முறை முடியக்குள்ளதான் உங்களுக்குப் பக்தி வருகுது. நான் அவ்வளவு உருக்கமா வாசிக்கிறனா?"

பிடிபட்டது புதன்கிழமை பின்னேரம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் குடையுமாக ஒரு மெல்லிய மனிதர், மண்டப வாசலில் வந்து தயங்கி நின்றார். கையில் ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தல். நான் ஓர்கனுக்குப் பின்னால் குனிந்தேன், ஆனால் ஓர்கன் அவ்வளவு உயரமில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். இஞ்ச கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒராள் இரிக்காரா?" என்று ஓர்கன்காரரிடமே கேட்டார்.

"இரிக்கான், ஏன்?"

"இல்ல, மூணு நாளாப் பாக்கன். பள்ளிக்கு வாரதும் போறதுமா இரிக்கார். ஹாஜத்து, இஸ்திகாரா எல்லாம் தொழுறார். ஒராள் இப்பிடித் தொழுதா ஊட்டுல ஏதும் பெரிய முசீபத்தாத்தான் இரிக்கும். ஆரும் மௌத்தாப் போனாங்களா, கடலுக்குப் போனவங்க ஆரும் வரல்லியா, கேக்கவும் ஒரு மாதிரி. அதான் தண்ணி ஓதிக் கொண்டுவந்தன்."

 ஓர்கன்காரர் மெதுவாக என் பக்கம் கிறுகினார்.

"மோதினார், ஒரு நாளைக்கி எத்தின தரம் உங்கட தொழுகை?"

"அஞ்சி."

"இவன் நேத்து மட்டும் ஒம்பது தரம் போனான்."

மோதினார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஊட்டுல எல்லாரும் நல்லம், ஹஸ்ரத்" என்றேன். வேறு என்ன சொல்ல? "எனக்குச் சொந்தமா எட்டுக் கட்டம் வாசிக்க வருதில்ல. அதான்."

 மோதினார் போத்தலை ஓர்கனின் மேல் வைத்தார். "எண்டாலும் குடிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

டிரம்ஸ்காரர் அன்றே கடைக்குப் போய்ப் பள்ளிவாசல் கலண்டர் ஒன்றை வாங்கி வந்து, தன் பெரிய டிரம்முக்கு மேலே தொங்கவிட்டார். தொழுகை நேரங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். அந்தப் பேனை என்னுடையது.

"மல்லி, அல்லாஹ்ட டைம் அல்லாஹ்க்கு. நம்மட டைம் நமக்கு. ஹரித, சரியா?"

சனிக்கிழமை நிகழ்ச்சியை அஸர் முடிந்து அந்திநேர மஃரிபுக்கு வெகுநேரம் முன்னாலேயே முடிகிற மாதிரி வைத்தார்கள். தப்ப ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லாத இடத்தில் நான் ஒன்று துளைத்தேன். சொல்ல வெட்கம்தான், என்றாலும் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை ஓர்கன்காரர் தன் முறையில் எட்டுக் கட்டம் ஒன்று வாசித்தார். விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட எழும்பி நின்று கைதட்டினார்கள். என் போன் மேசையில் ஒலிப்பதிவில் இருந்தது. அவர் ஒருமுறை வாசித்ததை மறுபடி வாசிக்கவே மாட்டார், வாசித்த மறுநிமிடம் மறந்துவிடுவார் என்று டிரம்ஸ்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரே மறந்துபோன ஒன்றை நான் எடுத்துக்கொண்டால் அது எப்படிக் களவாகும்? அப்படித்தான் எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் தூங்கப் போன நேரத்தில், சாப்பாட்டு மேசை விளிம்பையே கட்டையாக வைத்துப் பாடமாக்கினேன். பாடமாக்குவதென்றால் நான் புலி. மூன்றாவது கட்டத்தில் அவர் ஒரு தரம் செருமினார், அந்த இடைவெளியையும் சேர்த்தே பாடமாக்கினேன். தலையை நிமிர்த்தியபோது டீச்சர் எதிரே நின்றார், கையில் மாம்பழம்.

"மேசை நல்லா வாசிக்குது, தம்பி."

"சும்மா, டீச்சர்."

"அந்தச் செருமலுக்கும் விரல் வெச்சிருக்கீங்க போல."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வேன் வந்தது. முதலில் வாப்பா இறங்கினார், பெருநாளைக்கு எடுத்த வெள்ளைச் சேட்டோடு. பிறகு உம்மா, ராத்தா, மாமா, சாச்சி, எண்ணிக்கைக்குள் வராத பிள்ளைகள். கடைசியாக, துணியால் மூடிக் கட்டிய சோற்றுக் கிடாரம். வாப்பா முன்வரிசையில், ஓர்கனுக்கு நேரெதிரே, ஒரு கதிரையில் உட்கார்ந்து இன்னொரு கதிரையில் தொப்பியை வைத்தார். கூட்டத்துக்குப் பின்னால் மோதினார் குடையோடு நின்றார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார்.

எனக்குப் பயமே இல்லை. எட்டுக் கட்டமும் விரலில் தயாராக இருந்தன.

மெட்டு முடிந்தது. முதல் முறை ஓர்கன்காரருடையது. அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். வாசிக்கத் தொடங்கினார். முதல் கட்டம் எனக்குத் தெரிந்த கட்டம். இரண்டாவதும். மூன்றாவதில் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமினார். என் களவுப் பொருள் எட்டுக் கட்டமும், ஒரு சுரம் குறையாமல், சபைக்கு முன்னால் உரியவரிடமே போய்ச் சேர்ந்தன. நான் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மிகக் கவனமாகத் சேலை ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பின்னர் ஓர்கன்காரர் சொன்னார்: என் போனிலிருந்து அந்தப் பதிவைத் தன் போனுக்கு அனுப்பி அவரிடம் கொடுத்தது டீச்சர்தான். அவர் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினாராம். "என்ட சீவியத்துல நான் பாடமாக்கினது அது ஒண்டுதான். எவ்வளவு கஷ்டம்டா! நீங்க எல்லாம் எப்பிடிச் செய்யிறீங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

ஆனால் அது பின்னர். அந்த நேரத்தில் அவர் எழும்பி இடம் விட்டார். டீச்சர் உட்கார்ந்து தன் எட்டுக் கட்டத்தை அழகாக முடித்தார். பிறகு நான் போய் உட்கார்ந்தேன். இடது கால் நடக்கத் தொடங்கியது. அதை மட்டும் நம்பலாம். டிரம்ஸ்காரர் பின்னால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வலது கை தொங்கியது. முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. டிரம்ஸ்காரர், "பரவால்ல மல்லி, இன்னொரு சுத்து" என்று தாளத்தை விடாமலே சொன்னார். வாப்பா ராத்தாவிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. "இன்னும் தொடங்கல்ல வாப்பா" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. நான் கலண்டரைப் பார்த்தேன். மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தன.

அப்போது வீதியில் பாண் ஓட்டோ வந்தது.

எங்கள் பகுதியில் பேக்கரிப் பாணும் பணிஸும் முச்சக்கரவண்டியில் வரும். வண்டியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, அதில் ஒரே மெட்டு, காலையும் பின்னேரமும். மருதமுனையாக இருந்தாலும் பொத்துவிலாக இருந்தாலும் அதே மெட்டுத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் என் விரல் போய்விட்டது. நான் அனுப்பவில்லை. இரண்டு கட்டம், வண்டியின் பற்றரி இறங்கும்போது மெட்டு இழுபடுமே, அந்த இழுவையோடு அப்படியே ஓர்கனில் வந்தது.

"பாண்!" என்று சாச்சியின் சின்ன மகன் கத்திக்கொண்டு எழும்பி ஓடினான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

வண்டி நிற்கவில்லை. முன்னே ஒரு பஸ் வந்ததால் வளைவில் திரும்பிவிட்டது. மெட்டுத் தேய்ந்துபோனது. என் விரலுக்கு அடுத்த சுரம் எதுவென்று சொல்ல ஆளில்லை. ஆனால் பாண் ஓட்டோவை விரட்டாதவன் எங்கள் ஊரில் யார்? சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பாண்காரர்! பாண்காரர்!" என்று ஒழுங்கையெல்லாம் ஓடி, அவர் காதில் விழாமல் போய், இன்னும் கத்தி ஓடுவோமே, அந்த மாதிரி விரல் ஓடியது. ஓர் இடத்தில் தடுக்கி இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தேன். ஹஸ்ரத்தின் பிரம்பு விழும் என்று கை தானாகப் பின்னுக்கு இழுத்தது. ஒன்றும் விழவில்லை. திரும்பவும் ஓடினேன். ஓட ஓட, சத்தத்தைக் கூட்டும் மிதியில் இருந்த வலது கால் முழுக்க இறங்கிவிட்டது. ஓர்கன் எருமை மாதிரி அலறியது. கூரையிலிருந்த காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன. நாலு வருட ஹெட்போன் வாசிப்பு ஒரே தரத்தில் வெளியே வந்தது. உம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஆனால் என்னைப் பார்த்தபடியே இருந்தா.

எட்டாவது கட்டம் முடிந்ததும் நிறுத்தினேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். படித்தவன் அல்லவா.

நிகழ்ச்சி முடிந்து ஓர்கன்காரர் சேட்டிபிக்கட் கொடுத்தார். அச்சடித்த ஆங்கிலத்துக்குக் கீழே வெறுமையாக விட்ட கோட்டில், தன் கையால் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார். வாப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஓரத்தைத் தடவி, ஏ ஃபோர்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"கையால என்னமோ எழுதியிரிக்கி. வாசி மனே, எல்லாருக்கும் கேக்க வாசி."

நான் வாசிக்க வேண்டியதாயிற்று. "எட்டுக் கட்டம் வாசித்தார். அதில் ஆறு சொந்தம்."

 வாப்பா மேலே பார்த்தார், நெல் மணியைக் கடித்தவர் மாதிரித் தாடையை அசைத்தார்.

"எட்டுக்கு ஆறு எண்டா நூத்துக்கு எழுபத்தஞ்சி. எழுபத்தஞ்சி எண்டா ஏ பாஸ்!"

சாச்சி குலவையே போட்டுவிட்டா. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாப்பா அத்தோடு விடவில்லை. ஓர்கன்காரரின் தோளில் கைபோட்டு, அவரைச் சோற்றுக் கிடாரத்தின் பக்கமாக நடத்திக்கொண்டு போனார். வயலில் விலை பேசுகிறவர்களை அப்படித்தான் ஓரமாகக் கூட்டிப்போவார்.

"சேர், ஏன் ரெண்டக் குறைச்சீங்க?"

"அது பாண் ஓட்டோட, முதலாளி. அவன்ட இல்ல."

"பாண்காரன் பாட்டுக்கு ரோட்டுல போறான். அத ஓர்கனுக்குள்ள கொண்டுவந்த ஆரு? ஏழு போடுங்க."

"ஆறுதான்."

"சரி, இழுத்து வாசிச்சானே, அந்த இழுப்பு ஆருட? ஓட்டோக்காரன்டயா?"

"பற்றரிட!" என்றார் டிரம்ஸ்காரர், சோறு பரப்பிய சஹன் தட்டைச் சுற்றிச் சம்மணம் போட்டபடி.

ஒரு சஹனில் ஆறு பேர். வாப்பா, ஓர்கன்காரர், டிரம்ஸ்காரர், மோதினார், மாமா, நான். டீச்சருக்கு உம்மா புறம்பாகக் கத்தரிக்காய்க் கறியும் சோறும் போட்டுக் கொடுத்தா. அவர் அங்கிருந்தபடியே, "அஞ்சரை போதும் சேர், மேசையில களவா வாசிச்சதுக்கு அரை குறைக்கணும்" என்று என்னை மாட்டிவிட்டார். வாப்பா இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து ஓர்கன்காரர் பக்கம் தள்ளினார். இன்னொன்றும் தள்ளினார். மூன்றாவது துண்டுக்கு ஓர்கன்காரர் பேனையைக் கேட்டார்.

வீட்டுச் சுவரில் இப்போது அது தொங்குகிறது. லமினேட் செய்திருக்கிறது. 'ஆறு' என்பதை வெட்டி 'ஆறரை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையொப்பம், கோழிக் குழம்பின் மஞ்சள் கறையோடு ஒரு பெருவிரல் அடையாளம். வேனில் திரும்பி வரும்போது நான் வாப்பாவிடம் கேட்டேன்.

"ஆறு எண்டாலும் ஏ தானே வாப்பா? என்னத்துக்கு அவ்வளவு மல்லுக்கட்டினீங்க?"

வாப்பா சேட்டிபிக்கட்டை மடியில் வைத்து, தொப்பியால் மூடிப் பிடித்திருந்தார்.

"ஒருத்தன் சொன்ன கணக்க அப்பிடியே தலையாட்டி எடுக்கிறதா மனே? நீ இன்னும் படிக்க இரிக்கி."